அக்காவுக்கு அப்பா ஊதிய விசில்

உங்களில் பலருக்கும் அந்த அழைப்பு வந்திருக்கும். கல்வி இலாகா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆனாலும் நம் பெயர்கள் அரசாங்கக் கணினியில் எங்கோ உயிரோடு இருக்கின்றன. மண்டபத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் என்று யாருக்காவது பயம் வந்தால் நம்மைக் கூப்பிடுவார்கள். வாழை இலைச் சாப்பாட்டுக்கும், பை நிறையக் கொடுக்கும் விளம்பரத் தாள்களுக்கும் நாமும் போய்விடுகிறோம். வீட்டில் இருந்தால் இரத்த அழுத்தம் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

போன மாதம் ஷா ஆலமில் நடந்த கருத்தரங்குக்கு நானும் போனேன். தலைப்பு, மாணவர்களின் மீள்திறனும் கணக்குத் தீர்க்கும் ஆற்றலும். பேசிய பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. கணக்கு வராதபோது மனம் உடையாமல் மீண்டும் மீண்டும் முயலும் பிள்ளைதான் கடைசியில் நன்றாகச் செய்கிறது என்றாள். திரையில் ஒரு கோடு இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலே ஏறியது. பிறகு எல்லோர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தாள். ‘கடினமான கணக்கை நான் பாதியில் விடமாட்டேன்.’ ‘விடை வராவிட்டால் வேறு வழியில் முயல்வேன்.’ இப்படி வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். ஒன்று என்றால் ஒருபோதும் இல்லை, ஐந்து என்றால் எப்போதும்.

என் பக்கத்தில் இருந்த முன்னாள் தலைமையாசிரியர் எல்லாவற்றுக்கும் மூன்று போட்டுவிட்டுத் தூங்கினார். நிர்வாக அனுபவம். நான் பேனாவைத் திறக்கவில்லை. என் அக்காவிடம் பதினாறு வயதில் இந்தத் தாளைக் கொடுத்திருந்தால் எல்லாக் கட்டத்திலும் ஐந்து போட்டிருப்பாள், அதுவும் உண்மையாக. அவள் கணக்கில் தேறவில்லை. அந்தக் கோட்டில் அவளுக்கான இடம் எது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம். ஆனால் கேள்வி நேரம் முடிந்து தேநீர், கறிபாப் நேரம் தொடங்கியிருந்தது.

அந்த வருடத்தைப் பற்றி இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை.

நாங்கள் அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். வரிசை வீடு, தகரக் கூரை. கூரைக்கு அந்தப் பக்கம் சரக்கு வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டு. இரும்பும் இரும்பும் மோதும் சத்தத்தில்தான் நாங்கள் தூங்கினோம். சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். துணி காயப்போட்டால் டீசல் வாசனை ஏறிக்கொள்ளும். பள்ளியில் பங்சார் பணக்காரப் பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள்.

அப்பா ரயில் கார்டு. வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டுகிறவர். பித்தளை விசில் ஒன்று வைத்திருந்தார். உள்ளே ஒரு சின்ன உருண்டை ஓடும். ஞாயிற்றுக்கிழமை அதைத் துணியால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிறதா என்று பார்ப்பார். நாங்கள் தொட்டால் கத்துவார். “அது வெளையாட்டுச் சாமான் இல்ல. நான் ஊதுனாதான் ரயிலு நவுரும், தெரியுமா?” உலகமே அந்த உருண்டையைச் சுற்றி ஓடுவதாக நான் நம்பினேன்.

அக்கா மூன்றாம் படிவத்தில் இருந்தாள். தமிழ்ப் பள்ளியிலிருந்து ஆங்கில இடைநிலைப் பள்ளிக்குப் போனவர்களுக்கு நடுவில் ஒரு வருடம் புகுமுக வகுப்பு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆங்கிலம் பழகுவதற்காக ஒரு வருடம் நிறுத்திவைப்பார்கள். அதனால் மற்ற பிள்ளைகளைவிட ஒரு வயது மூத்தவளாக, ஒரு சாண் உயரமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆண்டு முடிவில் அரசாங்கத் தேர்வு. தேறினால் நான்காம் படிவம். தேறாவிட்டால் பள்ளிக்கூடம் அவளுக்குக் கதவைச் சாத்திவிடும். எங்கள் வரிசையில் தேறாத பெண்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். கல்யாணம் ஆகும்வரை அரிசி புடைத்தார்கள். கல்யாணம் ஆனபிறகும் அதைத்தான் செய்தார்கள்.

அக்காவுக்கு டீச்சர் ஆக வேண்டும். கணக்கு டீச்சர். வேறு எதுவும் அவள் கேட்டதில்லை, தீபாவளிக்குப் பாவாடைகூட.

அவள் கணக்குப் போடுவதை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். சமையலறை மேசையில் பூப்போட்ட மெழுகுத்துணி விரித்திருக்கும். அதில் முழங்கை ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது சர்ரென்று ஒரு சத்தம். ஜியோமெட்ரிப் பெட்டியின் மூடியில் துரு. சடையின் நுனியை வாயில் வைத்துக் கடிப்பாள். கணக்கு சுலபமாக இருந்தால் சடை காய்ந்திருக்கும். கடினமாக இருந்தால் நுனி நனைந்து, எலிவால் மாதிரிக் கூராகிவிடும். அம்மா அதைப் பார்த்தே சொல்லிவிடுவாள். “இன்னைக்கு என்ன, பெரிய கணக்கா? சடையில சொட்டுது.”

ஒரு நாள் ரயில் கணக்கு ஒன்று வந்தது.

“கோலாலம்பூர்லேருந்து ஒரு வண்டி, ஈப்போவுலேருந்து ஒரு வண்டி. ரெண்டும் ஒரே நேரத்துல கெளம்புது. எங்க சந்திக்கும்னு கேக்குறாங்க” என்று அக்கா படித்துக் காட்டினாள்.

அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “எந்த மடையன் எழுதுனான் இதை? அது ஒத்தத் தண்டவாளம்லா. ரெண்டு வண்டியையும் எதிரெதிரா விட்டா எங்க சந்திக்கும்? ஆஸ்பத்திரியிலதான் சந்திக்கும்.”

“ஒங்க வண்டி என்னைக்கு நேரத்துக்குக் கெளம்பிச்சு, சந்திக்கிறதுக்கு?” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. “அப்படின்னா நெசமா எப்படிப்பா ஓடுது ரெண்டும்?” என்று கேட்டாள்.

அப்பா உட்கார்ந்தார். சில ஸ்டேஷன்களில் மட்டும் பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் இருக்கும், ஒரு வண்டி அதில் ஒதுங்கி நிற்கும், மற்றது தாண்டிப் போகும் என்று தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டினார். அவ்வளவுதான். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். வெளியே விடாத மழை. பாடப்புத்தகத்துக் கணக்கை அவள் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டாள். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் ஒதுங்கினால் காத்திருக்கும் நேரம் மிகக் குறையும் என்று தானே ஒரு கணக்கை உண்டாக்கி, அதோடு மல்லுக்கட்டினாள். தப்பு வந்தது. அடித்தாள். மறுபடி தப்பு. அப்பா வேலைக்குப் போகும்போது வாசல்வரை துரத்திப் போய், “அப்பா, ரவாங்ல எடம் இருக்குமா? தஞ்சோங் மாலிம்ல எத்தனை வண்டி நிக்கலாம்?” என்று கேட்டாள். சோறு ஆறியது. சடை காயவே இல்லை.

கடைசியில் விடை வந்தது. ஈப்போ வண்டி தஞ்சோங் மாலிமில் நிற்க வேண்டும் என்றாள். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கார்டுகள் ஓய்வெடுக்கும் அறைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “எல்லாரும் வாயப் பொளந்துட்டானுங்க. ஒம் மகளக் கொண்டாந்து கண்ட்ரோல் ரூம்ல ஒக்கார வையின்னு சொல்றானுங்க.”

அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் மறுபடி பார்த்ததில்லை.

ஆனால் அந்த நாட்களில் அக்கா வேறு எந்த வீட்டுப்பாடத்தையும் தொடவில்லை. கணக்கு டீச்சர் அப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார் அப்பா. டீச்சர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். வெள்ளைச் சேலை, சாக்குக்கட்டித் தூள் படிந்த விரல்கள். நல்லவர். அதையும் சொல்லிவிட வேண்டும். கெட்டவர்கள் யாருமே வராத கதை இது.

“உங்கட மகள் கெட்டிக்காரி. அதில எனக்குச் சந்தேகம் இல்லை” என்றார். “ஆனா ஒரு கணக்கைப் பிடிச்சாளெண்டா விடுறாள் இல்லை. சோதனையில மணி ஓடுமெல்லே? மற்றப் பிள்ளையள் முழுத் தாளையும் முடிச்சிட்டு இருக்கேக்க, இவள் ஒண்டோட நிண்டுகொண்டிருப்பாள். தெரியாட்டி விட்டிட்டு அடுத்ததுக்குப் போகோணும். விடுறதுக்கு அவளைப் பழக்குங்கோ.”

“அவ்வளவுதானே டீச்சர்? பழக்கிடலாம்” என்றார் அப்பா. “நேரத்துக்கு நகர வைக்கிறதுதானே நம்ம தொழிலே?”

டீச்சர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். தேர்வு எழுதும் முறை என்று நாம் பிற்காலத்தில் சுற்றறிக்கை சுற்றறிக்கையாக அனுப்பியதும் இதே யோசனைதான். தவறான யோசனை என்று சொல்ல முடியாது. ஆனால் அதை ஒரு ரயில் கார்டிடம் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தார். கைலி, பனியன், கழுத்தில் கயிற்றில் கோத்த விசில். ஒரு கையில் வேலைக் கடிகாரம். பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் என் கையில். அக்கா எழுதத் தொடங்குவாள். அப்பா நினைத்த நேரம் வந்ததும் விசில். நான் சிவப்பைத் தூக்க வேண்டும். பென்சில் மேலே வந்துவிட வேண்டும். அப்புறம் பச்சை. அடுத்த கணக்கு.

முதல் விசிலுக்குப் பக்கத்து வீட்டு எஞ்சின் டிரைவர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். “கார்டு அண்ணே! எந்த வண்டி கெளம்புது? நான் இன்னும் சாப்பிடவே இல்ல!”

“நீ சாப்புடு. இது மெயில் வண்டி, ஒனக்கு இல்ல” என்றார் அப்பா.

“இது வீடா ஸ்டேஷனா?” அம்மா கரண்டியோடு வந்தாள். “வயித்துப் புள்ளக்காரி ஒருத்தி இருக்கா மூணாவது வீட்டுல. பயந்து இங்கயே பெத்துடப் போறா.”

வரிசை முழுவதும் சிரித்தது. அக்காவும் முதல் நாள் சிரித்தாள். ஆனால் பென்சிலை எடுக்கவில்லை. விசில் ஊதியபிறகும் எழுதிக்கொண்டே இருந்தாள்.

“சிக்னல் விழுந்தப்புறமும் நிக்கிற வண்டிய என்னான்னு சொல்லுவாங்க?” என்று அப்பா கேட்டார்.

“லேட்டுன்னு.”

“இல்ல. ஆபத்துன்னு சொல்லுவாங்க. பின்னாடி இன்னொரு வண்டி வந்துகிட்டு இருக்கு.”

“இன்னும் ஒரு வரிதான்பா. வந்துருச்சு. மண்டைக்குள்ள நிக்கிது.”

“போன வண்டி போனதுதான். அடுத்ததப் பாரு.” சிவப்புப் பென்சிலால் அந்தப் பாதிக் கணக்கின் குறுக்கே ஒரு கோடு போட்டார். மெல்லத்தான் போட்டார். அவர் ஒருநாளும் எங்களை அடித்ததில்லை.

இப்படியே மாதக்கணக்காக நடந்தது. வண்டியோடு போகாத சாயங்காலம் எல்லாம் விசில்தான். எனக்குக் கொடி பிடிப்பது முதலில் பெருமையாக இருந்தது, பிறகு கை வலித்தது, பிறகு பழகிவிட்டது. அக்காவுக்கும் பழகியது. விசில் வந்த நொடியில் பென்சில் எழும்பத் தொடங்கியது. எழுதிக்கொண்டிருந்த எண்ணின் பாதியில்கூட. எட்டு என்று தொடங்கியது பூச்சியமாக நின்றுவிடும். அப்பா மகிழ்ந்துபோனார். கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். “பாத்தியா? பழக்கந்தான் எல்லாம்.”

ஒரு விஷயத்தை அந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அம்மாகூட. சடை நுனி காய்ந்தே இருந்தது. எந்தக் கணக்கானாலும் காய்ந்தே இருந்தது. தலை வாரிவிடும்போது அம்மா சந்தோஷப்பட்டாள். “இப்பல்லாம் கடிக்கிறதில்ல. பெரிய மனுசி ஆயிட்டா.”

தேர்வு நாள் வந்தது. அப்பா லீவு எடுத்தார். அவர் என் காதுகுத்துக்குக்கூட லீவு எடுத்தவர் இல்லை. காலையில் பிள்ளையார் கோயிலில் பேனாவை வைத்துத் திருநீறு பூசி வாங்கி வந்தோம். பிறகு பள்ளி வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றார், நான் அவர் நிழலில் நின்றேன். எனக்கு விடுமுறை தொடங்கியிருந்தது.

அந்தப் பள்ளி மண்டபத்துக்கும் யார்டுக்கும் இடையில் ஒரு சாக்கடையும் ஒரு கம்பி வேலியும்தான். உள்ளே கணக்குத் தாள் கொடுத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். யார்டில் பெட்டிகளைக் கோக்கிற ஆட்கள் விசில் ஊதினார்கள். எஞ்சினை முன்னே கொண்டுவர ஒன்று, நிறுத்த ஒன்று. நாள் முழுக்க ஊதுவார்கள். எங்கள் ஊரில் காக்கை கத்துவதைவிட அது சாதாரணம். அந்த மண்டபத்தில் எழுதிய வேறு ஒரு பிள்ளைக்கும் அது கேட்டிருக்காது.

அப்பாவுக்குக் கேட்டது. முகம் மலர்ந்தது. “கேட்டியா? நம்ம ஆளுங்க ஊதுறானுங்க” என்று என் தோளைத் தட்டினார். “நல்ல சகுனம். வீட்டுல ஒக்காந்து எழுதுற மாதிரியே இருக்கும் அவளுக்கு.”

வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற மாதிரியேதான் இருந்தது அவளுக்கு.

அக்கா வெளியே வந்தாள். “எல்லாக் கணக்கையும் பாத்தியா?” என்று அப்பா கேட்டார். “பாத்தேன்பா, எல்லாத்தையும் பாத்தேன்” என்றாள். அப்பா எங்கள் இருவருக்கும் சீவிய ஐஸில் பாகு ஊற்றும் ஐஸ்கச்சாங் வாங்கிக் கொடுத்தார். சிவப்புச் சாயத் தண்ணீர் கிண்ணத்தில் உருகிக் கிடந்தது. அக்கா சாப்பிடவில்லை. நான் இரண்டையும் சாப்பிட்டேன்.

சில நாள் கழித்து எனக்குத் தலை பின்னிவிடும்போது மெதுவாகச் சொன்னாள். “விசில் கேட்டுச்சுடி.”

“யாரு ஊதுனா?”

“யார்டுலதான்.”

“அதான் எப்பவும் ஊதுறாங்களே.”

“ம். ஆனா கை போயிருச்சு, அடுத்ததுக்கு. திரும்பி வந்து பாத்தா எங்க விட்டேன்னு தெரியல. புடிக்கிறதுக்குள்ள இன்னொண்ணு ஊதுறான்.” என் தலைமுடியை இறுக்கி முடிந்தாள். “அப்பாகிட்ட சொல்லிடாத. மனசு ஒடஞ்சிடுவாரு.”

எனக்கு அது புரியவில்லை. யாரோ விசில் ஊதினால் அக்காவுக்கு என்ன என்று நினைத்தேன். சடை அழகாக வந்திருக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை.

முடிவு வந்தபோது கணக்கில் தேறவில்லை என்று வந்தது. கணக்குப் போனதால் எல்லாமும் போனது. அப்பா மறுபடி டீச்சரிடம் போனார். இந்த முறை அம்மாவும் வந்தாள். டீச்சர் எல்லாப் பாடத் தேர்வும் முடிந்த அன்று அக்காவை உட்காரவைத்து, தாளில் என்னென்ன செய்தாள் என்று கேட்டிருந்தார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான்.

“ஒண்டையும் முடிக்கேல்லை. எல்லாத்தையும் தொட்டிருக்கிறாள், ஒண்டையும் முடிக்கேல்லை” என்றார். “கொஞ்சம் கஷ்டமெண்டா உடன விட்டிட்டு ஓடியிருக்கிறாள். விடாமுயற்சி இல்லாத பிள்ளைக்குக் கணக்கு வராது, அம்மா. நான் என்ன செய்ய?”

வீடு வரும் வழியில் அப்பா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “இன்னும் நாலு மாசம் முந்தி ஆரம்பிச்சிருக்கணும்.”

அவர் வேறு எதையும் சந்தேகிக்கவில்லை. சாகும்வரை சந்தேகிக்கவில்லை.

பெட்டாலிங் ஜெயா பக்கம் எலக்ட்ரானிக் தொழிற்சாலைகள் புதிதாகத் திறந்துகொண்டிருந்த காலம் அது. பெண்பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தார்கள். சின்ன விரல், நல்ல கண், எதிர்த்துப் பேசாத வாய். இந்த மூன்றும் தகுதி. விடியும் முன் தொழிற்சாலை பஸ் குவாட்டர்ஸ் முனையில் வந்து நிற்கும். அக்கா நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினாள். பூதக்கண்ணாடிக்கு அடியில் முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டவைக்கும் வேலை. மணி அடித்தால் தட்டு மாற வேண்டும். மற்றப் பெண்கள் கையிலிருந்ததை முடித்துவிட்டு மாறுவார்கள், வேகம் குறையும், திட்டு விழும். அக்காவுக்குத் திட்டே விழவில்லை. மணி அடித்த நொடியில் அவள் கை அடுத்த தட்டுக்குப் போய்விடும். சிறந்த தொழிலாளி என்று சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அப்பாவின் பயிற்சி வீண்போகவில்லை என்று சொல்ல வேண்டும்.

இப்போது நமக்குத் தெரிந்ததெல்லாம் அப்போது யாருக்காவது தெரிந்திருந்தால் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் நினைத்து நினைத்து அலுத்துவிட்டேன். தனி மாணவியாக மறுபடி எழுதியிருக்கலாம். அதற்கு விண்ணப்பம் இருந்தது. எந்த மாதம் கொடுப்பார்கள், தேர்வு இலாகாவில் எந்தச் சன்னலில் நிற்க வேண்டும், புகைப்படத்தின் பின்னால் யார் கையெழுத்துப் போட வேண்டும், எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. வேறு மண்டபம்கூடக் கேட்டிருக்கலாம், தண்டவாளம் இல்லாத இடமாக. காரணம் எழுதினால் போதும். அப்பாவுக்கு அது தெரியாது. அவருக்குச் சிவப்பு என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தபிறகு ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் ஏன் என்று கேட்கிற பழக்கம் அவர் தொழிலில் இல்லை.

பிற்காலத்தில் நான் அதே சன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்தேன். நீண்ட காலம். இஸ்திரி போட்ட சட்டையோடு அப்பாக்கள் வருவார்கள். அறிவிப்புப் பலகையைத் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். நெருங்கமாட்டார்கள். திரும்பப் போவார்கள். நான் எழுந்து கூப்பிடுவேன். “அண்ணே, என்ன வேணும்? பிள்ளைக்கா? இங்க வாங்க.” என் மேலதிகாரிக்கு அது பிடிக்காது. சன்னலுக்கு வந்தவர்களைக் கவனித்தால் போதும் என்பது நடைமுறை. அப்படி ஒரு அப்பாவையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அதனால் என்ன? என் அப்பா அந்தச் சன்னலுக்கு வரவில்லை.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று விசிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடி அலமாரியில் வெல்வெட் துணி விரித்து அதை வைத்தார். அப்பாவும் அம்மாவும் கடைசிக் காலத்தில் கிள்ளானில் அக்கா வீட்டில்தான் இருந்தார்கள். அந்த அலமாரியைத் துடைக்கும் வேலை அக்காவுடையது. வாரம் தவறாமல் துடைத்தாள். அவர் போனபிறகு ஒரு வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. சேறு பிடித்த அலமாரியைப் பழைய சாமான் லோரியில் ஏற்றியபோது விசிலும் அதோடு போய்விட்டது. குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கோபுரங்கள். யார்டு இருந்த இடத்தில் குளிரூட்டிய ரயில் நிலையம். அங்கே யாரும் விசில் ஊதுவதில்லை. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் தாமதத்துக்கு மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்கிறது.

கருத்தரங்கு முடிந்த மறுவாரம் கிள்ளானுக்குப் போனேன். கைப்பையில் அந்தத் தாள் இருந்தது. அக்காவிடம் காட்டிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பூதக்கண்ணாடி தின்றது போக மிச்சம் இருக்கிற பார்வையோடு, வெள்ளத்துக்குப் பிறகு மாறிய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளை மத்தியானத்தில் பார்த்துக்கொள்கிறாள். அன்று எதிர்வீட்டுச் சிறுமி ஒருத்தி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கையகலக் கணினியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் நின்று அந்தத் தாளைப் படித்துக் காட்டினேன். ‘கடினமான கணக்கை நான் பாதியில் விடமாட்டேன்.’ அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நாங்கூட அன்னைக்கு விடலடி” என்றாள்.

“எதை?”

“அந்தப் பரீட்சையில. ஒரு தொட்டிக் கணக்கு. ஒரு குழாய் இருபது நிமிசத்துல ரொப்பும், இன்னொண்ணு முப்பதுல. அடியில ஓட்ட. ரொம்புன தொட்டிய அந்த ஓட்ட ஒரு மணி நேரத்துல காலி பண்ணிடும். மூணும் ஒண்ணாத் தெறந்திருந்தா எப்ப ரொம்பும்? அதுலதான் மொத விசில் வந்துச்சு. எழுதாம வந்துட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. வேலைக்குப் போன மொத வாரம், பஸ்ல. வெளிய இருட்டு. எல்லாரும் தூங்குறாளுங்க. அப்பத் தானா வந்து நின்னுச்சு. பதினஞ்சு நிமிசம்.” கத்தியை வைத்தாள். “அந்தத் தாள்ல இருந்த எல்லாக் கணக்கும் அப்படித்தான். ஒண்ணொண்ணா, பஸ்லயே போட்டு முடிச்சேன். கடைசிக் கணக்குதான் ரொம்பப் படுத்திடுச்சு. தீபாவளி வரைக்கும் இழுத்துச்சு. ஆனா வந்துச்சு.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையேக்கா. யார்கிட்டயுமே சொல்லலையா?”

“யார்கிட்ட சொல்ல?”

தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். பதினைந்து நிமிடம் சரிதான். இருபதில் ஒன்றும் முப்பதில் ஒன்றும் கூட்டி, அறுபதில் ஒன்றைக் கழித்தால் பதினைந்தில் ஒன்று. மேல்முறையீடு, மறுதிருத்தம், தாமதக் கட்டணம், சிறப்பு அனுமதி என்று எல்லா நடைமுறையும் எனக்கு மனப்பாடம். இரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விடை சரி, ஆனால் பஸ்ஸில் வந்தது என்று எழுதிக் கொடுக்க எந்த அலுவலகத்திலும் சன்னல் இல்லை.

கூடத்தில் கணினி பீப் என்று கத்தியது. சிறுமி முகத்தைச் சுருக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

“பாட்டி, அந்தக் கணக்கு எனக்கு வந்துகிட்டு இருந்துச்சு. அதுக்குள்ள டைம் முடிஞ்சிருச்சு. தானா மாறிடுச்சு. திரும்பிப் போக முடியலயே.”

அக்கா கத்தியை மறுபடி எடுத்தாள்.

“அழாத. போன வண்டி போனதுதான்” என்றாள். “அடுத்ததப் பாரு.”